அரிசி கழுவும் பேசினும் ஜப்பான் விளக்கும்

மகன்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முறைப்பாடு சொல்கிறது. மற்றப்படி அவள் கலியாணச் சீலை எடுக்கிற மும்முரத்தில் இருக்கிறாள், நான் அவள் கண்ணில் படாமல் பின்முற்றத்தில் இருக்கிறேன். நீ வந்து இறங்க இன்னும் மூன்று கிழமை. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியை எடுத்தால் எனக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும், அதனால் நீயும் நானும் பட்டது போதும். எழுதினால் வெட்டலாம், கிறுக்கலாம், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திருத்தலாம். எழுதி முடித்ததும் துஷாந்தி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். கலியாணப் பொம்பிளை படிப்பாள் என்று தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன், ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலாவெளியில் உன் மாமா, அதாவது துஷாந்தியின் தகப்பன், பல மாதமாக உனக்கு நேரில் ஒரு நன்றி சொல்லக் காத்திருந்தார். நீ ஜப்பானிலிருந்து அனுப்பிய கல் விளக்குக்கான நன்றி. நீ அப்படி ஒன்றை அனுப்பவில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தவன் நான். நம் வீட்டுப் பின்முற்றத்தில், ஓட்டோ ரயரிலும் கழிவுநீர்க் கான் குழாயிலும் அம்மாவின் பேசினிலும் சீமெந்து ஊற்றிச் செய்தேன். செய்தது பிழையில்லை. செய்துவிட்டுச் சொன்ன கதைதான் பிழை.

இதற்கு நீ போன இரண்டாம் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். நீ அப்போது அடிக்கடி படம் அனுப்புவாய். ஒரு குளம், நாலு கல், பாசி, பனி மூடிய ஒரு கல் விளக்கு. அங்கேயும் ஒரு ஊரில் மான்கள் தெருவில் நடக்கின்றன, திருகோணமலை மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை எழுதினாய். அந்த நேரம்தான் பக்கத்து வீட்டுப் பெடியன் கட்டாரிலிருந்து சுவர் அளவு டிவி அனுப்பினான். அதை இறக்க நானும் கை கொடுத்துவிட்டு வந்து இருந்தபோது நீ அழைத்தாய். "அவனவன் என்னவெல்லாம் அனுப்புறான், நீ கல்லையும் பாசியையும் படம் எடுத்து அனுப்புறாய்" என்று சொல்லிவிட்டேன். நீ "சரி அப்பா" என்றாய். அதன்பிறகு நாலு மாதம் ஒரு படமும் வரவில்லை. நீ பகலில் மொழி படித்து, பின்னேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, ஆறு பேரோடு ஒரே அறையில் படுத்ததையும், ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களில் சருகு கூட்டப் போன இடத்தில்தான் அந்தப் படங்களை எடுத்தாய் என்பதையும் அம்மாதான் பிறகு சொன்னாள். உடனே உன்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, கைதான் வரும்.

அந்தக் கை வர நான் ஓய்வு பெறும் வரைக்கும் போனது. துறைமுக வேலை முடிந்து வீட்டில் குந்திய முதல் மாதத்திலேயே, நான் குசினிக்குள் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். உன் படங்களைத் திரும்ப ஒருக்கால் எடுத்துப் பார்த்தேன். பனி மூடிய அந்த விளக்கை டவுனில் ஒரு கடையில் கொடுத்துத் தாளில் எடுத்தேன். முப்பது வருஷம் கப்பலில் பாரம் தூக்கும் வின்ச் திருத்தியவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். இரும்பு சொல்வழி கேட்கும். சூடாக்கினால் வளையும், அடித்தால் நிமிரும், பின்னேரம் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சீமெந்து அப்படியில்லை, தான் நினைத்த நேரத்துக்குத்தான் இறுகும். பக்கத்தில் நின்று ஏசினாலும் அதற்குக் கேட்காது.

அடித்தளத்துக்கு ஓட்டோ ரயர். தண்டுக்குக் கான் குழாய்த் துண்டு. விளக்குக் கூட்டுக்கு ஐஸ் போட்டு மீன் வருகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி: ஜன்னல் வரவேண்டிய இடத்தில் ஒரு துண்டை வைத்து ஊற்றினால், இறுகிய பிறகு அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். உச்சிக் குமிழுக்கு வலைக்காரர் எறிந்த ஒரு மிதவை. கூரைதான் பெரும்பாடு. கடைசியில் பெரிய பேசின் ஒன்றில் பழைய ஒயில் பூசி, கலவையை ஊற்றி, அதற்குள் சின்னப் பேசினை அமுக்கி வைத்தேன். உட்பக்கம் கோறையாக வந்தால் பாரம் குறையும் என்று என் யோசனை. அந்தச் சின்னப் பேசின் அம்மா அரிசி கழுவுகிற பேசின். மூன்று நாள் அவள் அதைத் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

முதல் விளக்கு ஒரு மாரியைத் தாங்கியது. மழை விட்ட பிறகு ஒரு நாள், தெருவில் திரிகிற கொம்பன் மான் ஒன்று படலை திறந்து கிடந்த நேரம் உள்ளே வந்து, கொம்பை விளக்கில் உரசியது. மான் போய்விட்டது, விளக்கு விழுந்துவிட்டது. தண்டு முறிந்த இடத்தில் உள்ளே வைத்த கம்பி முழுக்கத் துருப்பிடித்துப் பொருமியிருந்தது. பக்கத்து வீட்டு மதில் வேலைக்குக் கிண்ணியாவிலிருந்து வந்த மேசன் நானா ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, கடற்கரை மண்ணையா போட்டீர்கள் என்று கேட்டார். வேறு எதைப் போடுவது? வாசலைத் தாண்டினால் மண், காலை உதறினால் மண், அதை வெளியிலிருந்து எடுப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. உப்பு கம்பியைத் தின்னும் என்று நானா சொன்னார். கப்பலில் உப்பும் துருவும் பார்த்தே தலை நரைத்தவன் நான், அதை ஒரு மேசன் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருந்தது. ஆற்று மண் அவரே எடுத்துத் தந்தார். ஊற்றிய பிறகு ஏழு நாள் ஈரச் சாக்கால் மூடி வைக்கவேண்டும், நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். நான் நாலாம் நாள் தூக்கிப் பார்த்து ஒரு கூரையை உடைத்தேன். மேலும் ஒன்று ஊற்றி, ஏழு நாளும் சாக்குக்குத் தண்ணீர் தெளித்தபடி இருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஒன்றை ஏழு நாள் தொடாமல் விட்டது அதுதான் முதல் தடவை. உன்னை நான் அப்படி விட்டதே இல்லை. சோதனை எழுதிய மறுநாளே உன்னைத் துறைமுகத்துக்குள் தள்ளப் பார்த்தவன் நான்.

அடுத்தது பாசி. உன் படத்தில் விளக்குக்கு வயசு தெரிந்தது, என்னுடையது ஓட்டோ நிறுத்துமிடத்துத் தூண் போல நின்றது. தயிர் பூசினால் பாசி வளரும் என்று தொலைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்தேன். அம்மா வெள்ளிக்கிழமை விரதத்துக்கு வாங்கி வைத்த கிண்ணியாத் தயிர் ஒரு சட்டி குசினியில் இருந்தது. மிச்சத்தை நீ ஊகித்திருப்பாய். முதலில் எறும்பு வந்தது, பிறகு பூனை வந்தது, மூன்றாம் நாள் மான் வந்து விளக்கை நக்கிக்கொண்டு நின்றது. பாசி வரவில்லை. அம்மா இரண்டு நாள் எனக்குச் சோற்றுக்குத் தயிர் கேட்கிற தைரியத்தை விட்டுவைக்கவில்லை. கடைசியில் விளக்கைத் துண்டு துண்டாகக் கிணற்றடிக்கு நகர்த்தி அங்கே மறந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் தானாகவே பச்சை பிடித்தது. நீ வீட்டுக்கு வரும்போது படலைக்குள் கால் வைத்ததும் பார்க்கவேண்டும் என்று முன்முற்றத்தில் கொண்டு வந்து வைத்தேன். வீடியோ அழைப்பில் முற்றத்தைக் காட்டுங்கள் அப்பா என்று நீ கேட்டபோதெல்லாம் நான் கூரையில் இருந்த குரங்கைக் காட்டியது இதனால்தான்.

பிறகு உன் கலியாணப் பேச்சு வந்தது. உன் மாமா குடும்பத்தோடு எங்கள் வீடு பார்க்க வந்தார். நிலாவெளியில் நாலு அறையோடு விடுதி நடத்துகிறவர், வாசல் அலங்காரத்தில் கண்ணுள்ள மனிதர். செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் விளக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "இது மகன் அங்கயிருந்து அனுப்பினதோ அண்ணை?" என்று கேட்டார். அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். நான் "ஓம்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு ஓம். அதை அவர்தான் என் வாயில் வைத்தார் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மை வேறு. ஐந்து வருஷமாகக் கோயிலிலும் கடையிலும் மகன் என்ன அனுப்பினவர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றும் சொல்ல முடியாமல் நின்றவன் நான். அன்றைக்கு ஒரு ஆள் தானாக வந்து, உன் மகன் இவ்வளவு வடிவான பொருளை அனுப்பியிருக்கிறான் என்று சொன்னபோது, பொய் என்று தெரிந்தும் அது எனக்கு ருசித்தது. உன்னை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன், மகன். நீ அங்கே பட்ட பாட்டுக்காக இல்லை, நீ ஒன்றும் அனுப்பவில்லையே என்றுதான் வெட்கப்பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. இனி நீ குடும்பக்காரன், ஆகவே சொல்கிறேன்: யாராவது உன்னைப் புகழ்ந்து ஒன்றைக் கேட்டால், ஓம் சொல்ல முதல் ஒரு மூச்சு விட்டுக்கொள். அந்த ஒரு மூச்சு நான் விட்டிருந்தால் அதன்பிறகு வந்தது எதுவும் வந்திருக்காது.

வந்தது என்னவென்றால், அடுத்த கிழமையே மாமா அழைத்தார். மாப்பிள்ளைக்குக் கரைச்சல் இல்லையென்றால் தன் விடுதி வாசலுக்கு இரண்டு விளக்கு அனுப்பச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் உடனே ஆள் பிடித்து வாசலின் இரண்டு பக்கமும் செங்கல்லில் பீடம் கட்டுவித்தார். என் பொய்க்கு அவர் பீடம் கட்டினார். கிழமைக்கு ஒருமுறை அழைத்துக் கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்பார். முப்பது வருஷம் துறைமுகத்தில் நின்றவன் இல்லாத ஒரு கப்பலுக்கு நாள் சொன்னேன், துறை சொன்னேன், ஒருமுறை புயலும் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, "அந்தக் கப்பலில எனக்கும் ஒரு பேசின் வருதோ எண்டு கேளுங்கோ" என்பாள்.

உனக்கும் துஷாந்திக்கும் கலியாண நாள் வைத்த பிறகு ஒரு சனிக்கிழமை அவள் தாயோடு சட்டை அளவு விஷயமாக வீட்டுக்கு வந்தாள். பெண்கள் உள்ளே இருக்கிறார்கள் என்ற துணிவில் நான் பின்முற்றத்தில் இரண்டாவது கூரைக்குக் கலவை போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள். கையில் அம்மாவின் பேசின். அதைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினாள். அங்கே வட்டத்துக்குள் ஐந்து இதழ்ப் பூ ஒன்று புடைத்திருக்கும், நீயும் சின்ன வயசில் பார்த்திருப்பாய்.

"மாமா, எங்கட வீட்டிலயும் இதே பேசின் இருக்கு" என்றாள்.

வீடு பார்க்க வந்த அன்றைக்கே அவளுக்குத் தெரியுமாம். எல்லாரும் உள்ளே போன பிறகு அவள் மட்டும் குனிந்து விளக்கின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருந்தது, உள்ளே அகலை எங்கே வைப்பது என்று பார்க்கிறாள் என நினைத்திருந்தேன். அவள் பார்த்தது கூரையின் உட்பக்கத்தில் அச்சாகப் பதிந்திருந்த அந்தப் பூவை. இவ்வளவு நாளும் யாருக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை பிள்ளை என்று கேட்டேன். "வடிவா இருந்தது, ஏன் சொல்லுவான்" என்றாள். ஆனால் சிரிப்பு நின்றதும் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் தெரிந்திருக்க வேண்டும்.

"அவர் வர முதல் அப்பாட்ட நீங்களே சொல்லிப்போடுங்கோ மாமா. இல்லாட்டி அவர் வந்து எங்கட அப்பாவுக்கு முன்னால நிண்டு பொய் சொல்ல வேண்டி வரும். அப்பிடித் தொடங்க எனக்கு விருப்பமில்லை."

அதுவரைக்கும் நான் என் முகத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். கப்பல் பொய் பிடிபட்டால் சம்பந்தி வீட்டில் என் மரியாதை என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன். நீ மணவறைக்கு வந்து நிற்கும்போது மாமனார் கையைப் பிடித்து நன்றி சொல்வார், நீ ஒன்றில் தகப்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நீயும் பொய்யனாக வேண்டும் என்பதை நான் நினைக்கவேயில்லை. முப்பத்தொரு வயசுப் பிள்ளையின் தோளில் என் வீம்பை ஏற்றி வைத்திருக்கிறேன் என்பதை இருபத்தேழு வயசுப் பெண் பார்த்துவிட்டாள். நீ கட்டப்போகிறவளை நன்றாகத் தெரிந்துகொள், மகன். அவள் சிரித்துக்கொண்டு ஒரு பொருளின் அடிப்பக்கத்தைத் திருப்பினால், தாமதிக்காமல் உண்மையைச் சொல்லிவிடு.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை அவளும் வந்து வேலை செய்தாள். அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறுகிறவள் அல்லவா, என் விளக்கின் கால் ஒரு பக்கம் சரிந்திருப்பதை முதல் நாளே சொல்லிவிட்டாள். புதுக் கூரைகளின் உட்பக்கத்தைச் சுரண்டிப் பூவை அழித்துவிடலாம் என்று நான் கரண்டியை எடுத்தபோது, இருக்கட்டும் மாமா என்று தடுத்தாள். ஈரச் சாக்குக்குப் பக்கத்தில் நான் போனாலே அவளுக்கு மூக்கில் வியர்க்கும். அம்மாவுக்கு ஒரு புதுப் பேசினும் வாங்கி வந்தாள். அம்மா அதை வாங்கிய கையோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு விளக்கையும் வைக்கோல் சுற்றிச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு நானும் அம்மாவும் நிலாவெளிக்குப் போனோம். வழி முழுக்க நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், சாம்பல்தீவு தாண்டியதும் மறந்துவிட்டேன். மாமா பீடங்களைக் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். இரண்டு வெள்ளைக்கார விருந்தாளிகளை வேறு பார்க்கக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். விளக்கை இறக்க வந்த பெடியங்களை நிற்கச் சொல்லிவிட்டு, அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனேன்.

"இது கப்பலில வரேல்ல. நான் செய்தனான். வீட்டில நீங்கள் பார்த்ததும் நான் செய்தது தான். மகன் ஒண்டும் அனுப்பேல்ல" என்றேன். அவர் முகம் மாறியது. துஷாந்தி வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்டுமே அனுப்பேல்லையோ?" என்று கேட்டார். என் சட்டைப் பையில் அந்தப் படம் இருந்தது, பனி மூடிய விளக்கு, நாலு மூலையும் சீமெந்து பட்டு விறைத்துப்போன தாள். எடுத்துக் கொடுத்தேன். "இந்தப் படம் மட்டும் தான் அனுப்பினவன். அதுக்கும் நான் ஏசினனான்."

அவர் படத்தைப் பார்த்தார். லொறிக்குப் போய் வைக்கோலை விலக்கி விளக்கைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு தாளை மடிக்காமல் என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அனுப்பியிருக்கிறார் தானே அண்ணை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவில்லை. அவர் என்னை அப்படியே விட்டுவிடவும் இல்லை. விளக்கைப் பற்றிப் பரவாயில்லையாம், அந்தக் கப்பல் கதைதான் அவருக்குப் பொறுக்கவில்லையாம். புயல் என்று நான் சொன்ன அன்றைக்கு அவர் கோயிலில் அருச்சனை செய்வித்தாராம், மாப்பிள்ளையின் சாமான் பழுதில்லாமல் வரவேண்டும் என்று. அம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இப்போது அவர் விடுதிக்கு வருகிறவர்களைக் குனியவைத்து, விளக்குக்குள் இருக்கும் பூவைக் காட்டி, சம்பந்தி செய்தது, பேசினில் செய்தது என்கிறார். ஜப்பானியக் கதையைவிட இது நன்றாகப் போகிறதாம்.

ஆகவே நீ வந்து யாருக்கும் ஒன்றும் மழுப்பத் தேவையில்லை. மழுப்ப இருந்ததை நான் முடித்துவிட்டேன். அன்று தொலைபேசியில் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள், மகன். ஐந்து வருஷம் பிந்தித்தான் சொல்கிறேன். நீ அனுப்பிய படங்களைப்போல் ஒரு பொருள் இந்த வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை.

கடைசியாக ஒன்று. பின்முற்றத்தில் இன்னொரு விளக்கு நிற்கிறது, உங்கள் இருவருக்குமானது. உன் இன்னொரு படத்தில், குளக்கரையில் அகலக் கூரையோடு குந்திக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. கூரைக்குப் பேசின் போதவில்லை, யாரோ கழித்த டிஷ் அன்ரனாவில் ஊற்றினேன். இப்போது ஈரச் சாக்குக்குள் கிடக்கிறது, தூக்கிப் பார்க்கவில்லை, சத்தியம். அது நல்ல பாரம். ஏற்றி வைக்க இரண்டு பேர் வேண்டும். துஷாந்தி தான் பிடிக்கிறேன் என்றாள், பக்கத்து வீட்டுக்காரரும் வருகிறேன் என்றார், நான் விடவில்லை. என்ன கொண்டுவர அப்பா என்று போன கிழமை கேட்டாய். ஒன்றும் வேண்டாம். கையை வீசிக்கொண்டு வா. அந்தக் கூரையைத் தூக்க உன் இரண்டு கையும் எனக்கு வேண்டும்.

அப்பா